அந்த மீன்படகு எதற்குக் கைகாட்டியது

ஜெரோமுக்கு,

இதை உட்கார்ந்து படி. எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் காகிதத்தில் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியாவிட்டால் ஷாலினியைப் படிக்கச் சொல். என் மருமகளுக்குத் தமிழ் உன்னைவிட நன்றாக வரும். சொன்னால் உனக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். சனிக்கிழமை காலை நீங்கள் இருவரும் உங்கள் யாட்டில், அந்தப் பாய்மரப் படகில், சிங்கப்பூரிலிருந்து லங்காவித் தீவுக்குப் புறப்படுகிறீர்கள். இன்று செவ்வாய். மார்சிலிங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாக இதை ஆரம்பிக்கிறேன். முதல் இரண்டும் கிழிபட்டுக் குப்பைக்குப் போய்விட்டன. எனக்குக் களைப்பாக இருக்கிறது. முட்டி வலி, தூக்கமின்மை எல்லாம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இந்தக் களைப்பு அதனால் வந்தது இல்லை. ஒரே கதையை இருபத்தைந்து வருடமாகச் சுமந்துகொண்டு திரிந்த களைப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாம் நான்கு பேரும் தேக்காவில் சாப்பிடப் போனோமே, அங்கே நீ போனை எடுத்து உன் படகுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டினாய். மிதவைச் சட்டை, ரேடியோ, மருந்துப் பெட்டி. அப்புறம் ஆரஞ்சு நிறக் குழாய்கள் ஆறு. ஃபிளேர். அடியில் இருக்கிற கயிற்றை இழுத்தால் சிவப்பு நெருப்பு வானத்தில் ஏறி, ஆபத்தில் இருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லுமே, அது. இரண்டு போதுமே, எதற்கு ஆறு என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “ஃபிஷிங் போட் ஏதாச்சும் கிட்ட வந்தா, நீங்க செஞ்ச மாதிரி ஒண்ணு விட்டுடுவேன் லா. டோன்ட் வொரி, அப்பா.” ஷாலினியும் சிரித்தாள். உன் அம்மா பெருமையாக என் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். நீங்கள் மூவரும் நம்பினீர்கள். நான் சொல்வதை நீங்கள் எப்போதும் நம்புவீர்கள், அதுதான் பிரச்சினையே.

ஷாலினிக்கு அந்தக் கதை பாதிதான் தெரிந்திருக்கும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் எஞ்சின் வேலை பார்த்தேன். பட்டறையில் ஆட்குறைப்பு வந்தபோது யாட்டுகள் கட்டி நிறுத்துகிற ஒரு மரினாவில் அவற்றைப் பழுது பார்க்கிற தினக்கூலி வேலைக்குப் போனேன். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருடைய மகன் நான், வெள்ளைக்காரர்களின் யாட்டுகளுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு ஆங்கிலேயர். யாட்டில் கால் வைத்ததும் தன்னைக் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார், கரையில் இறங்கினால் சாதாரண மனிதர். நல்லவர்தான். அவருடைய யாட்டை லங்காவிக்குக் கொண்டுபோகத் துணைக்கு ஆள் கேட்டார். எஞ்சின் தெரியும், மலாய் பேசத் தெரியும், சமைக்கத் தெரியும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நீ அப்போது பிரைமரி ஃபைவ், ஐந்தாம் வகுப்பு.

அந்த வருடங்களில் மலாக்கா நீரிணை என்றாலே எல்லோரும் கொள்ளைக்காரர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். மரினா காண்டீனில் காப்பி குடிக்கிறவர்கள் பாதிப் பேர் ஜோகூர் தாண்டிப் போனதே இல்லை, ஆனால் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். மீன்படகு மாதிரி வருவார்கள், கைகாட்டிக் கூப்பிடுவார்கள், கிட்டே போனால் பாராங் கத்தி. இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் நான் ஏறினேன். உன் அம்மாவிடம் பயம் இல்லை என்று சொன்னேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். காற்று சுத்தமாக இல்லை, எஞ்சினில் போய்க்கொண்டிருந்தோம். வலது பக்கம் முன்னால், கரைக்கும் எங்களுக்கும் நடுவில், நீலம் அடித்த ஒரு சின்ன மரப்படகு. இரண்டு பேர். முன்னால் நின்றவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, விரல்களை மடக்கி மடக்கி ஆட்டினார். கேப்டன், விலகிப் போகச் சொல்கிறான் போலிருக்கிறது என்றார். அவர்கள் ஊரில் அதற்கு அப்படித்தான் அர்த்தமாம். எனக்குத் தெரியாதா? நம் வீட்டில் உன்னைச் சாப்பிட வரச் சொல்லி அம்மா எத்தனை தடவை அதே மாதிரி கை ஆட்டியிருக்கிறாள். கிட்டே வா என்று கூப்பிடுகிறான் என்று நான் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்டார். நல்லதற்கு இல்லை, இடது பக்கம் ஒடித்து முழு வேகத்தில் போங்கள் என்றேன்.

கேப்டனை அவர் பாட்டுக்கு விட்டிருந்தால்கூட ஒருவேளை நின்று யோசித்திருப்பார். கையசைவை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார், நான் சரியாகப் புரிந்துகொண்டேன், கெட்டது என்னால்தான் வந்தது. கிட்டே வா என்று ஒரு மனிதன் கூப்பிட்டால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

அந்த மரப்படகில் நின்றவர் கூப்பிட்ட காரணம் ரொம்பச் சாதாரணமானது, ஜெரோம். அவருடைய வலை படகிலிருந்து இடது பக்கமாக, எங்கள் வழிக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. என் பக்கம் வா, என் படகைச் சுற்றிக் கரைப் பக்கமாகப் போ, வலைமேல் ஏறாதே என்று சொல்லியிருக்கிறார். அந்த வலைக்கு மிதவை என்று அவர்கள் கட்டியிருந்தது பழைய எண்ணெய் டப்பாவும் தண்ணீர்ப் புட்டியும். அலையோடு அலையாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் முழு வேகத்தில் நேராக அதன்மேல் ஏறினோம். ப்ரொப்பெல்லரில் வலை சுற்றி எஞ்சின் ஒரு உறுமல் உறுமி நின்றுவிட்டது. உடனே அந்தப் படகு எங்களை நோக்கி வேகமாக வந்தது. வராமல் என்ன செய்வார்கள், அவர்கள் பிழைப்பு எங்கள் படகின் அடியில் சிக்கிக் கிடக்கிறது. நான் லாக்கரைத் திறந்து ஒரு ஃபிளேரை எடுத்து, வானத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர்களைப் பார்க்கப் பிடித்து, கயிற்றை இழுத்தேன். நெருப்பு அவர்கள் தலைக்கு மேலே போய்க் கடலில் விழுந்தது. அவர்கள் நின்றுவிட்டார்கள். நான் கத்தியோடு தண்ணீரில் இறங்கி வலையை அறுத்தேன். எஞ்சின் எடுத்தது. போய்விட்டோம்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சுக்கானைச் சுற்றி டப்பாக்கள் மிதந்ததைப் பார்த்தேன். கொள்ளையடிக்க வருகிறவன் கடலில் வலை விரித்து வைத்துவிட்டு வர மாட்டான். ஆனால் மேலே ஏறி வந்ததும் கேப்டன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் உயிரைக் காப்பாற்றினாய் என்று அவர் சொன்ன அந்த நிமிடத்தில், இல்லை சார், அவர்கள் மீனவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. திரும்பி வந்ததும் மரினா கிளப்பில் எல்லோரையும் நிற்க வைத்து என்னைப் பற்றிப் பேசினார். மரினாவில் நிரந்தர வேலை கிடைத்தது. நீ படித்தது அந்த வேலையில்தான். இதை உன் தலையில் பாரம் ஏற்றச் சொல்லவில்லை, நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

நீ தமிழ் வகுப்பில் ‘என் வீரத் தந்தை’ என்று கட்டுரை எழுதினாயே, அது ஞாபகம் இருக்கிறதா? ஐந்து கொள்ளையர்கள் என்று எழுதியிருந்தாய். நான் இரண்டு பேர் என்றுதான் சொல்லியிருந்தேன், நீ உன் பங்குக்கு மூன்று பேரைச் சேர்த்துவிட்டாய். ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக்காட்டி, பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார். நீ நோட்டுப் புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை அதிகம் போனால் ஒரு நாள் அழுதிருப்பாய். நான் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.

உன் அம்மாவைப் பற்றி உனக்கே தெரியும். நான் திரும்பி வந்த மாதத்தில் கோவிலில் நன்றிப் பூசைக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூடத் தவறவில்லை. ‘கடல் ஆபத்திலிருந்து காப்பாற்றியதற்கு நன்றியாக’ என்று ஃபாதர் படிப்பார், தொடர்ந்து என் பெயரைச் சொல்வார், முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைப்பார்கள். ஃபாதர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பூசை மாறவில்லை. அந்த ஒரு ஞாயிறு மட்டும் நான் நற்கருணை வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். இடுப்பு வலி என்று அவளிடம் சொல்வேன். நன்றிக் கண்ணீர் வந்து நான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதாக அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

இனி நீ கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். உன் படகுக் கூட்டாளிகளுக்கும் படித்துக் காட்டு, எனக்கு வெட்கம் இல்லை, வெட்கப்படுகிற தெம்பும் இல்லை. நீங்கள் எல்லோரும் லீவு போட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறீர்கள். அவர்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். உன் ஆபீசுக்குள் ஒருவன் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு உன் மேசைமேல் நடந்து போனால் நீ என்ன செய்வாய்? எழுந்து கிட்டே வரத்தான் செய்வாய். மீன்படகு கிட்டே வந்தால் முதலில் வேகத்தைக் குறை. கியரை நியூட்ரலில் போடு. அப்புறம் அவன் முகத்தைப் பார்க்காதே, அவன் படகின் பின்பக்கம் தண்ணீரைப் பார். கயிறு எங்கே போகிறது, கொடி எங்கே நிற்கிறது, டப்பா எங்கே மிதக்கிறது என்று பார். புரியாவிட்டால் இரண்டு கையையும் விரித்து எந்தப் பக்கம் என்று கேள். அவன் காட்டுவான். அவன் காட்டுகிற பக்கம் போ. சில பேர் வேண்டுமென்றே உன் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓட்டிப் போவார்கள். அப்படிப் போனால் தங்களைத் தொடர்ந்து வருகிற கெட்டது உன் தலையில் விழுந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு என்று மரினாவில் ஒரு தாய்லாந்து மாலுமி சொல்லியிருக்கிறான். விட்டுவிடு. உனக்கு இருக்கிற கெட்டதோடு அதுவும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அந்தப் பயணத்துக்கு மூன்று வருடம் கழித்து, வேறொரு யாட்டில், கிட்டத்தட்ட அதே இடத்தில், இன்னொரு படகு அதே மாதிரி கைகாட்டியது. இந்தத் தடவை நான் யாரையும் கேட்காமல் அவர்கள் பக்கம் திருப்பினேன். வலையைச் சுற்றிக்கொண்டு போகிற வழியைக் காட்டினார்கள். எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்கள், சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். நாங்கள் குளிர்ந்த பானம் கொடுத்தோம். அவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் கானாங்கெளுத்தி போட்டு எறிந்தார்கள். ஐந்து நிமிடம்தான். அந்த மீனை நான் பொரித்து மற்றவர்களுக்குக் கொடுத்தேன், நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு லங்காவிப் பயணம் எதற்கும் போகவில்லை. முட்டி வலி என்று மரினாவில் சொல்லிவிட்டேன். அப்போது முட்டி நன்றாகத்தான் இருந்தது.

இத்தனையும் எழுதி முடித்து நேற்று உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். ஆமாம், மேலே செவ்வாய் என்று எழுதியிருக்கிறேன். இன்று வியாழன். ஒட்டிய உறையைப் பிரித்து இந்தக் கடைசிக் காகிதத்தை எழுதுகிறேன்.

இன்று காலை உன் அம்மா இந்த வருடப் பூசைக்குப் பெயர் கொடுக்கப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். உட்கார வைத்துச் சொன்னேன். உனக்கு மேலே எழுதியதைத்தான் முதலில் சொன்னேன், அதே வார்த்தைகளில். அவள் அழவில்லை, கத்தவில்லை. செருப்போடேயே சோபாவில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “நெருப்பு கடல்ல விழுந்துச்சுன்னா, நீங்க எதுக்குங்க இத்தன வருஷம் இப்படி இருக்கீங்க?”

நாற்பது வருடம் என்னோடு இருந்தவள். வலை அறுந்ததற்கு ஒரு மனிதன் இருபத்தைந்து வருடம் இப்படி இருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் மீதியைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்: “பிள்ளைக்கும் எழுதிடுங்க. மிச்சம் வைக்காதீங்க.” பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் வெளியே வரவில்லை.

ஃபிளேர் கடலில் விழவில்லை, ஜெரோம். மேலே அப்படி எழுதியது பொய். உண்மையைச் சொல்ல உட்கார்ந்த இடத்திலும் என் கை அதைத்தான் எழுதியது. நெருப்பு அந்தப் படகின் முன்பக்கம் விழுந்தது. தலையில் துண்டு கட்டியவர்மேல் பட்டது. சட்டை பற்றிக்கொண்டது, அவர் இரண்டு கையாலும் அடித்து அணைக்கப் பார்த்தார், கால் தடுமாறிக் கடலில் விழுந்தார். எஞ்சினைப் பிடித்திருந்த மற்றவர் படகை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து தேடினார். அவர்கள் நின்றுவிட்டார்கள் என்று எழுதினேனே, இதற்காகத்தான் நின்றார்கள். ஒருவன் தண்ணீரில் விழுந்துவிட்டானா என்று கேப்டன் என்னைக் கேட்டார். அவருக்குக் கண் அவ்வளவு சரியில்லை. விழவில்லை, குதித்திருக்கிறான், இப்படித்தான் நீந்தி வந்து ஏறுவார்கள் என்று நான் சொன்னேன். அவர் பயந்துபோய்ச் சீக்கிரம் சீக்கிரம் என்றார். டப்பாக்களைப் பார்த்து எல்லாம் புரிந்தபிறகுதான் அப்படிச் சொன்னேன்.

அந்தப் படகுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பேட்மிண்டன் கோர்ட்டு தூரம்தான். எனக்கு நீச்சல் தெரியும். தண்ணீரில்தான் இருந்தேன். கத்தியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் மூச்சுப் பிடித்து உள்ளே போய் வலையை அறுத்தேன், மூச்சு வாங்க மேலே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். மேலே வருகிற ஒவ்வொரு தடவையும் அந்த மற்ற ஆள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. எட்டுப் பத்துத் தடவை மேலே வந்திருப்பேன். ஒரு தடவைகூட யாரும் பதில் சொல்லிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த ஆறு குழாயில் எதையும் மனிதன் இருக்கிற பக்கம் பிடிக்காதே, அது போதும். போகிற வழியில் எந்தப் படகிலும் கடலில் விழுந்தவரைத் தேடவும் வேண்டாம். தேட வேண்டியவன் நான். பேருந்து ஏறினால் ஒரு பகலில் போய்விடக்கூடிய கரை அது. நான் போகவில்லை.

அவர் பெயர் யூசோஃப். நான் மேலே ஏறி எஞ்சினை எடுத்தபோதும் மற்றவர் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். யூசோஃப் பதில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. காதில் விழாத தூரம் வரைக்கும் நான்தான் வேகத்தைக் கூட்டினேன்.

அப்பா